சாம்பலில் ஏறிய பச்சை

ஓவியம் படித்து முடித்ததும் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச்சேலை முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். உடலுக்கு எந்த நிறம், கரைக்கு எது, முந்திக்கு எது என்று சேர்த்துக் கொடுப்பதுதான் வேலை. நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் நிறச் சக்கரம் எனக்கு மனப்பாடம். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் முதன்மை நிறங்கள், மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை. அது போதும் என்றுதான் நம்பியிருந்தேன்.

முதல் அடி அந்தப் பச்சையில் விழுந்தது. நீளவாட்டில் ஓடும் பாவு இழைக்கு மஞ்சளும், குறுக்கே ஓடும் ஊடை இழைக்கு நீலமும் கொடுத்து நெய்யச் சொன்னேன். தளிர்ப்பச்சை வரும் என்று காத்திருந்தால், மங்கிப்போன ஒரு சாம்பல் பச்சை வந்தது. சாயத் தொட்டியில் கலக்கும்போது மஞ்சள் சாயம் நீல ஒளியை விழுங்கிவிடுகிறது, நீலச் சாயம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது பச்சை. தறியிலோ இழைகள் தனித்தனியாகவே கிடக்கின்றன, கலப்பது நம் கண். ஒளியைப் பொறுத்தவரை மஞ்சளும் நீலமும் எதிர்நிறங்கள், அதனால் கண்ணில் சேரும்போது ஒன்றையொன்று மங்கடிக்கின்றன. மயில் கழுத்து நிறம் அவ்வளவு பளிச்சென்று இருப்பது ஏன் என்று அன்றுதான் விளங்கியது. அதில் பாவும் ஊடையுமாகச் சேரும் நீலமும் பச்சையும் சக்கரத்தில் அடுத்தடுத்து இருப்பவை. மடிப்பு திரும்பும்போது ஒரு பக்கம் பாவு தெரியும், மறுபக்கம் ஊடை தெரியும். அந்த மினுமினுப்பை எந்த வண்ணக் குழாயிலும் நான் பார்த்ததில்லை.

ஆனாலும் என்னை மாற்றியது ஒரு சாம்பல் நிறச் சேலைதான். சாம்பல் உடல், அகலமான குங்குமச் சிவப்புக் கரை. கடையிலிருந்து திரும்பி வந்துவிட்டது, சாம்பலில் பச்சை ஏறியிருக்கிறதாம். விரித்துப் பார்த்தேன், ஆமாம், பச்சைதான். நேரே சாயப்பட்டறைக்குப் போய் அங்கிருந்த பெரியவரிடம் கோபமாகப் பேசிவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் மனது சங்கடப்படுகிறது. அவர் பதில் பேசவில்லை. சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், தோளில் கிடந்த வெள்ளைத் துண்டால் கரையை மூடினார்.

"இப்பப் பாரு தம்பி."

பச்சையைக் காணோம். துண்டை எடுத்தார், திரும்ப வந்துவிட்டது.

பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் 1824இல் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற ஷெவ்ரல் என்ற வேதியியலாளருக்கும் இதே மாதிரி ஒரு புகார் வந்தது. கருப்பு நூலில் கருமை போதவில்லை என்றார்கள். அவர் சோதித்துப் பார்த்தபோது சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும் கருப்பை மாற்றிக் காட்டின. அதைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1839இல் ஒரு பெரிய நூலே எழுதினார். ஒரு நிறம் தன் பக்கத்தில் இருப்பதன் மேல் தன்னுடைய எதிர்நிறத்தை ஏற்றிவிடும், சிவப்பு என்றால் பச்சையை. சாம்பல் மாதிரி சொந்த நிறம் இல்லாத இடத்தில் அது அப்பட்டமாகத் தெரியும். பெரியவர் ஷெவ்ரலைப் படித்தவர் இல்லை, துண்டை வைத்தே காட்டிவிட்டார்.

அப்புறம் நான் எந்த நூலையும் தனியாகப் பார்த்துச் சரி என்று சொன்னதில்லை. கரை நூலையும் உடல் நூலையும் சேர்த்து முறுக்கி, பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை, குழல் விளக்கின் கீழ் ஒரு தடவை பார்ப்பேன். பகலில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு அரக்கு நூல்கள் விளக்கின் கீழ் வேறாகிவிடுவதுண்டு. பிறகு கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பேன். அரக்கு உடலில் கரும்பச்சைப் புட்டா, அதாவது சின்னச் சின்னப் பூ வேலைப்பாடு, போட்டால் நிறத்தில் அவை எதிரெதிர், ஆனால் இரண்டின் அடர்த்தியும் ஒன்று. பத்தடி தள்ளி நின்றால் புட்டா இருக்கிற இடமே தெரியாது.

சாம்பல் சேலையைத் திரும்ப நெய்தோம். இந்த முறை சாம்பல் சாயத்தில் துளி சிவப்பு சேர்க்கச் சொல்லிப் பெரியவரிடம் கேட்டேன். நூலைக் கையில் வாங்கியபோது செம்மண் தூசி படிந்த மாதிரி இருந்தது, கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. தறியில் சிவப்புக் கரையோடு சேர்ந்து நான்கு விரல் நீளம் இறங்கியதும் பார்த்தேன், சுத்தமான சாம்பல்.