நிறைந்த பிறகு விழும் வெயில்

"நெறஞ்சப்புறம் விழுற வெயிலு எங்க தம்பி போகுது?"

விளாத்திகுளம் பக்கத்துக் காட்டில் அந்த அண்ணாச்சி இப்படிக் கேட்டபோது, "கம்பெனி ரூல்ஸ் அப்படி அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் அவர் ரூல்ஸைப் பற்றிக் கேட்கவில்லை.

எங்கள் கம்பெனி அவர் நிலத்தில் நட்டிருக்கும், சோலார் பேனலில் ஓடும் மழைமானிப் பெட்டியிலிருந்து போனுக்குச் சார்ஜ் போட ஒரு வயர் வேண்டும், அவ்வளவுதான் அவர் தேவை. மானாவாரி நிலம், கரண்ட் கிடையாது. மக்காச்சோளம் கதிர் பிடித்ததும் காட்டுப்பன்றி இறங்கும். ராத்திரி முழுக்கக் காவல் இருக்க வேண்டும். போன் அணைந்தால் டார்ச்சும் போச்சு, பக்கத்துக் காட்டு ஆளைக் கூப்பிடவும் வழியில்லை.

என் பக்கக் கணக்கு சுத்தமானது. பெட்டிக்குள் பேட்டரியாக இருப்பது 18650 என்ற வகையைச் சேர்ந்த ஒரே ஒரு லித்தியம் செல். 2600 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது ஒன்பதரை வாட்-மணி அளவு. அவருடைய டச் போனில் 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி, கிட்டத்தட்ட 19 வாட்-மணி. செல்லின் மின்சாரத்தை 5 வோல்ட்டுக்கு ஏற்றும்போது ஆகிற நஷ்டத்தையும் கழித்தால், செல்லை முழுக்கக் காலி செய்தாலும் போன் பாதிகூட நிறையாது. மோடமோ டேட்டா அனுப்பும் நொடிகளில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். செல் தளர்ந்திருந்தால் வோல்டேஜ் சரிந்து பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் நாள்கணக்கில் மூடிக் கிடக்கும். மழையை அளக்க வைத்த பெட்டி மழை நாளில் படுத்துவிட்டால் அதை வைத்ததற்கே அர்த்தமில்லை.

இதையெல்லாம் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஏனென்றால் அவர் செல்லில் இருப்பதைக் கேட்கவே இல்லை. "பத்து மணிக்கெல்லாம் செவப்பு லைட்டு போயி நீல லைட்டு வந்துருதே" என்றார். நீல லைட் வந்தால் செல் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். சார்ஜர் போர்டை அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார்.

அவர் சொன்னது சரி. 6 வோல்ட், 3 வாட் பேனல் நல்ல வெயிலில் அரை ஆம்பியர் தரும். சார்ஜர் போர்டில் இருக்கும் டிபி4056 சிப் மிச்ச வோல்ட்டைச் சூடாகக் கழித்துவிட்டு அந்தக் கரண்ட்டைச் செல்லுக்கு அனுப்பும். ராத்திரியில் சென்சார் தின்பது கொஞ்சம்தான். அதனால் காலையிலேயே செல் 4.2 வோல்ட்டைத் தொட்டுவிடும். அப்புறம் கரண்ட் மெல்லக் குறைந்து, நிர்ணயித்த அளவில் பத்தில் ஒரு பங்குக்கு வந்ததும் சிப் சார்ஜை நிறுத்திவிடும். நடுப்பகல் வெயில், அந்தக் கரிசலின் நல்ல வெயில், அப்படியே வீணாகிறது. செல்லைத் தொடாமல் அந்த நேரத்துப் பேனல் மின்சாரத்தை மட்டும் போனுக்குத் திருப்பினால் நாலு மணி நேரத்தில் எட்டு வாட்-மணி தேறும். ஒரு ராத்திரிக் காவலுக்கு அது போதும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. நான் கணக்குப் போட்டது அடைமழை மாதங்களுக்கு. அவருக்குத் தேவை கதிர் முற்றும் மார்கழி, தை. அப்போது வானம் பெரும்பாலும் வெளுத்திருக்கும்.

ஆனாலும் இழுத்த வயர் ஐப்பசியிலும் அங்கேயேதான் இருக்கும். போர்ட்டுக்காகப் போடும் ஓட்டை வழியாக ஈரமும் எறும்பும் உள்ளே போகும். யாராவது அவசரத்துக்குப் பாதுகாப்பு சர்க்யூட்டைத் தாண்டி நேராகச் செல்லில் வயரை முறுக்கினால், ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். பக்கத்தில் காய்ந்த தட்டைப் போர். அந்தப் பயத்தை நான் இன்னும் விடவில்லை, விடவும் கூடாது. கூட வேலை பார்க்கும் தம்பி, "ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கண்ணே" என்றான். எல்லாருடைய நிலத்திலும்தானே பெட்டியை நட்டிருக்கிறோம், கேட்டால் என்ன என்று எனக்குப் பட்டது. அவனிடம் சொல்லவில்லை.

செல் 4.1 வோல்ட்டைத் தாண்டினால் மட்டும் பேனலைப் போன் பக்கம் திருப்பும் சர்க்யூட் ஒன்றை ஆபீஸ் மொட்டை மாடியில் ஓட்டிப் பார்க்கிறேன். மேகம் மறைக்கும்போதெல்லாம் போன் சார்ஜ் விட்டு விட்டு ஏறுகிறது. அதை இன்னும் சரிசெய்ய முடியவில்லை. சரியானாலும் பெட்டியில் ஓட்டை போட மேலே சம்மதிக்க வேண்டும். புரட்டாசி விதைப்புக்கு முன்னால் சர்வீஸுக்கு அந்தப் பக்கம் போகிறேன். சர்க்யூட் தயாராக இல்லாவிட்டாலும், இந்தக் கணக்கை அவரிடம் முழுதாகச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.