சீசரின் ரைன் பாலம்: சவுக்குக் குச்சியில் ஏழு வாரம்

கி.மு. 55 கோடையில் ஜூலியஸ் சீசரின் படை ரைன் ஆற்றின் குறுக்கே மரப்பாலம் போட்டது. மரம் சேர்க்கத் தொடங்கியதிலிருந்து எண்ணிப் பத்தே நாள். எப்படிக் கட்டினோம் என்று சீசரே தன் போர்க்குறிப்பில் அளவுகளோடு எழுதிவைத்திருக்கிறார். அதில் ஒரு வரி என்னை விடவே இல்லை: வெள்ளம் எவ்வளவு வேகமாக மோதுகிறதோ, அவ்வளவுக்குக் கட்டுமானம் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்கிறார். அது எப்படி? செய்து பார்த்தால்தான் தெரியும் என்று சவுக்குக் குச்சிகளோடு உட்கார்ந்தேன்.

முதல் வாரம் முழுக்கக் கணக்கு. ரோமானிய அடி ஏறக்குறைய 29.6 செ.மீ. ஐம்பதில் ஒரு பங்கு அளவு என்று முடிவு செய்தேன். ஒன்றரை அடி கனமுள்ள முளைகள் 9 மி.மீ. குச்சிகளாயின. இரண்டிரண்டு முளைகளை இரண்டடி இடைவெளியில் ஜோடி சேர்க்க வேண்டும். எதிர் ஜோடி ஆற்றின் கீழ்ப்போக்கில் 40 அடி தள்ளி நிற்க வேண்டும். என் அளவில் அது 23.7 செ.மீ. இரண்டு ஜோடிகளும் கூரையின் கைமரங்கள் போல ஒன்றை நோக்கி ஒன்று சாயும். இரண்டு ஜோடிகளையும் இணைத்து மேலே இரண்டடி கனத்தில் ஓர் உத்திரம்; இவை சேர்ந்தது ஒரு வரிசை. ஜோடியின் இடைவெளியும் உத்திரத்தின் கனமும் ஒன்றே என்பதால் அது அச்சாக உள்ளே உட்காருகிறது. இந்தப் பொருத்தம் கைக்குள் வந்த அன்று இரவு வெகுநேரம் தூங்கவில்லை.

அடுத்த இரண்டு வாரம் வீண். உத்திரத்தை முளைகளோடு நூலால் கட்டினேன். காய்ந்திருக்கும்போது கல்லாக நின்றது. வாய்க்காலில் வைத்து எடுத்து, மறுநாள் காய்ந்ததும் தொட்டால் ஆடியது. சீசர் கயிறு என்று சொல்லவில்லை. ஒவ்வொரு முனையிலும் இரண்டு 'ஃபிபுலா' என்கிறார். உடையைக் கோத்துப் பிடிக்கும் ஊசிக்கும் லத்தீனில் அதே பெயர்தான். இந்தக் கவ்வி எப்படி இருந்தது என்பதில் அறிஞர்களிடையே நூற்றாண்டுகளாக வழக்கு நடக்கிறது. இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ 1570-இல் தன் ஊகத்தை வரைந்தே காட்டினார்.

நான் கடைசியில் பிடித்த வழி இது. முளையின் வெளிப்புறத்தில் உத்திரத்துக்கு அடியில் ஒரு கட்டை, உட்புறத்தில் உத்திரத்துக்கு மேலே ஒரு கட்டை. இரண்டும் நழுவாமல் இருக்க உத்திரத்திலும் முளையிலும் சிறு வெட்டு. பாரம் ஏறினால் கீழ்க்கட்டை முளையின் சாய்வில் அழுந்துகிறது. தண்ணீர் தள்ளினால் மேல்கட்டை முட்டி நிற்கிறது. ஆணியோ கயிறோ இல்லாமல் ஒரு செங்கல்லைத் தாங்கியது.

முளை அடிப்பதுதான் பெரும்பாடு. சாய்வாக வைத்து மேலிருந்து தட்டினால் ஒவ்வொரு அடிக்கும் கோணம் மாறியது. எங்கள் தெரு ஆசாரி பார்த்துவிட்டு, "தம்பி, முளை எந்தப் பக்கம் சாயுதோ அடியும் அந்த வாக்குல சாயணும், நேரா போட்டா கழண்டுரும்" என்றார். சாய்வான மரச்சட்டம் ஒன்று செய்து, அதன் வழியே எடைக்கட்டையை வழுக்கவிட்டு அடித்தேன். சீசரும் எந்திரங்களால் முளைகளை இறக்கி, கனத்த இடிகட்டையால் அறைந்ததாகத்தான் சொல்கிறார்.

மேல்தளம் எளிது. உத்திரங்களின் மேல் நீளவாக்கில் மரம், அதன் மேல் கழிகள், அதற்கு மேல் படல். ஆட்டுக்குப் பின்னுகிற அதே படல்தான்!

ஐந்தாம் வாரம் மடை திறந்த அன்று சோதனை. முளைகளுக்குக் கீழ்ப்போக்கில் சாய்வாக முட்டுக் கொடுக்கவும் சீசர் சொல்கிறார்; முதலில் அந்த முட்டுகள் இல்லாமல் விட்டேன். கவ்விகள் இறுகின, கையால் அசைத்தால் முன்பைவிடக் கெட்டியாக இருந்தது. வரி உண்மை! ஆனால் சிறிது நேரத்தில் முளைகளின் அடியில் மண் அரித்து, மொத்த வரிசையும் கீழ்ப்போக்கில் சரிந்தது. மூட்டு அவிழவே இல்லை, காலடிதான் போயிற்று. மறுமுறை ஆழமாக இறக்கி, சீசர் சொன்னபடி கீழ்ப்புறத்தில் சாய்முட்டுகளைச் சேர்த்தேன். மாலைவரை நின்றது. மூட்டை மட்டும் புகழ்ந்தால் போதாது, அந்த ஆழம்தான் பாலத்தின் உயிர் என்று இப்போது நம்புகிறேன்.

ஒரு வரிசை செய்ய எனக்கு ஒரு மாலை ஆனது. வரிசைகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று சீசர் சொல்லவில்லை. ஆற்றின் அகலம் 400 மீட்டர், இடைவெளி 8 மீட்டர் என்று வைத்தால் சுமார் 50 வரிசை, 200 முளை. முட்டுகள் தனி. அதை ஓடும் ஆற்றில், முழு மரங்களால், 10 நாளில் முடித்த அந்தப் படைவீரர்களை நினைக்க நினைக்க எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை.

அந்தப் பாலம் எதற்கு என்பதையும் எழுதத்தான் வேண்டும். அக்கரையில் சீசரோடு நட்பாக இருந்த உபி என்ற ஜெர்மானியக் குலத்தார் படகு தருவதாகச் சொன்னார்கள். படகில் போவது பத்திரமில்லை, ரோமின் மதிப்புக்கும் ஏற்றதல்ல என்று சீசர் மறுத்தார். அக்கரையில் 18 நாள் இருந்து, சுகாம்ப்ரிகள் என்ற இன்னொரு குலத்தாரின் ஊர்களை எரித்து, பயிரை அறுத்துத் திரும்பி, பாலத்தையும் பிரித்துவிட்டார். அதற்குச் சற்று முன் உசிபெட்டுகள், தென்க்தேரிகள் என்ற இரு குலத்தாரைப் பெண்கள், குழந்தைகளோடு அவர் படை கொன்றது. அதற்காகச் சீசரையே அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ரோமில் சீசரின் அரசியல் எதிரியான கேட்டோ என்பவர் பேசினார். படல் பின்னும்போதெல்லாம் அதன் மேல் நடந்து போனவர்கள் என்ன செய்யப் போனார்கள் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

இனி மேல்புறக் காப்பு முளைகள் பாக்கி. பாலத்தை உடைக்க எதிரிகள் மரத்தையோ படகையோ மிதக்கவிட்டால் அடியை அவை வாங்கிக்கொள்ளுமாம். அடுத்த முறை மடை திறக்கும்போது ஒரு கட்டையை மிதக்கவிட்டுப் பார்க்கப் போகிறேன்.