“வந்துவிடும்” என்று நான் சொன்ன சொல்

“மெல்ல இழுத்துப் பார்க்கலாமா, டாக்டர்?” என்று, தோலுரிக்கையில் கால்கள் சிக்கிக்கொண்ட தன் வளர்ப்புச் சிலந்தியைக் காட்டி அவர் கேட்டார். “வேண்டாம், தானாக வந்துவிடும்” என்றேன். வேண்டாம் என்றதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. வந்துவிடும் என்றதுதான் உறுத்துகிறது.

மல்லாந்து கிடந்த அந்த டரான்டுலா என்னும் பெரிய மயிரடர்ந்த சிலந்தியின் 8 கால்களில் 6 வெளியே வந்திருந்தன. இடப்பக்கத்துப் பின்கால்கள் இரண்டும் பழைய உறைக்குள் சிக்கியிருந்தன. சிலந்தி காலை மடக்குவது தசையால். நீட்டுவதோ பெரும்பாலும் உடல்நீரின் அழுத்தத்தால். தோலுரித்த வேளையில் புதுத் தோல் அத்தனை மென்மையாக இருப்பதால், உறையைப் பிடித்து இழுத்தால் உள்ளிருக்கும் காலே கிழிந்து இரத்தம் கசிந்துகொண்டேயிருக்கும் அபாயம் உண்டு. அதனால்தான் தடுத்தேன். ஆனால் இரு தோல்களுக்கும் இடையே ஊறும் ஈரம் உலர உலர உறை இறுகும் என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். தொடாமல் காத்திருந்த அந்த ஒரு மணி நேரம் என் கையைக் கட்டிப்போட்டது அறிவா, அச்சமா என்பதற்கு இதுவரை என்னிடம் விடையில்லை.

பிறகுதான் வெதுவெதுப்பான நீரில் சிறிது கிளிசரினைக் கலந்து, மெல்லிய தூரிகையால் உறையின் விளிம்பில் தொட்டுத் தொட்டு வைத்தேன். ஒரு கால் வளைந்தபடியே வெளிவந்தது. மற்றொன்றை அது தானே அடிமூட்டில் கழற்றிவிட்டது. அந்த இடத்தில் வெளிர்நீலத் துளி ஒன்று திரண்டு, பெருகாமல் நின்றது. முன்பே ஈரப்படுத்தியிருந்தால் அந்தக் காலும் பிழைத்திருக்குமோ?

கழற்றிப்போட்ட தோலை நீரில் ஊறவைத்து விரித்துப் பார்த்தேன். உறிஞ்சும் இரைப்பையின் உட்சவ்வும் நச்சுப்பற்களின் உறையும் முழுமையாக வந்திருந்தன. அவை உள்ளே தங்கியிருந்தால் அது உண்ண முடியாமல் மடிந்திருக்கும். பால்வெள்ளையாயிருந்த பற்கள் சிவந்து கறுக்கும்வரை இரை போடக்கூடாது, உயிருள்ள பூச்சி அந்த மென்னுடலைக் கடித்துவிடும், தண்ணீர்க் கிண்ணம் மட்டும் போதும் என்று சொல்லி அனுப்பினேன். 17ஆம் நாள் அது சுவர்க்கோழியைப் பிடித்ததாக அவர் தொலைபேசியில் சொன்னார். “நீங்கள் சொன்னபடியே ஆயிற்று, டாக்டர்” என்றார். அடுத்த தோலுரிப்பில் சிறிதாகவேனும் புதுக்கால் முளைக்கும் என்று மட்டும் சொன்னேன். வேறொன்றும் சொல்ல எனக்கு நா எழவில்லை.

சில மாதங்கள் கழித்து வேறொருவர் இதே நிலையில் அழைத்தபோது, “வருமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் இழுக்காதீர்கள், ஈரப்படுத்திக் காத்திருங்கள்” என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவரால் காத்திருக்க முடியவில்லை. அவர் கொண்டுவந்த சிலந்தி அன்றிரவே இறந்தது. அப்படியானால், முதலாமவரின் கையைத் தடுத்து நிறுத்தியது என் உண்மையற்ற அந்தச் சொல்தானோ என்று எண்ணிப் பார்க்கிறேன். எண்ணும்போதே, என்னை நானே தேற்றிக்கொள்கிறேனோ என்றும் தோன்றுகிறது.