மூங்கில் தூண்டிலில் ஒரு மீன் படம்

கல்மூங்கிலில் தூண்டில் கோல் செய்துகொண்டிருக்கிறேன். தீயில் வாட்டி நேராக்கி, பிடியும் பொருத்தியாகிவிட்டது. பிடிக்கு மேலே இரண்டு கணுவுக்கு நடுவில் வழவழப்பான இடம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு மீன் படம் வேண்டும், ஆனால் ஸ்டிக்கர் ஒட்டியது போல இருக்கக்கூடாது. விரலால் தடவினால் விளிம்பே தட்டுப்படாமல், மூங்கில் மேலேயே வரைந்தது போல இருக்க வேண்டும்.

எந்த மீன் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. காவிரி ஆற்றுப் படுகைக்கே உரிய, முதுகு திமில் போல் எழும்பி, ஆரஞ்சு நிறத் துடுப்புகள் கொண்ட மஹ்சீர்தான். பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் வந்து சேரும் மாயாற்றின் மேல்பகுதியில் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. 2018-இல் உலக அளவிலான சிவப்புப் பட்டியலில், அழிவின் விளிம்பில் உள்ள இனமாகச் சேர்த்துவிட்டார்கள். என் தூண்டிலில் அது ஒருநாளும் மாட்டக்கூடாது. நான் போடுவது ஜிலேபிக்கும் கெண்டைக்கும்தான். ஆனாலும் நம் ஆற்றின் பெரிய மீன் அது, கோலில் அதற்கு ஓர் இடம் உண்டு. அக்கா மகள் வாட்டர்கலரில் வரைந்து கொடுத்தாள், ஸ்கேன் செய்துகொண்டேன்.

நிறைய நேரம் எடுத்தது அளவு பார்ப்பதுதான். அந்த இடத்தில் கோலின் விட்டம் 16 மில்லிமீட்டர், அதாவது சுற்றளவு சுமார் 50. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் பாதிதான் கண்ணுக்குத் தெரியும், அந்தப் பாதியிலும் ஓரங்கள் வளைந்து ஒடுங்கிவிடும். அதனால் படத்தின் உயரம் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. நான் 14 மில்லிமீட்டர் வைத்தேன். வளைவில் அது 12 போலத்தான் தெரியும், மீன் ஒல்லியாகிவிடும். ஆகவே கணினியில் உயரத்தை மட்டும் கொஞ்சம் இழுத்துவிட்டேன். திமிலின் உச்சி வளைவுக்கு அந்தப்பக்கம் போய்விடாமல் இருக்கிறதா என்று சாதாரணத் தாளில் அச்செடுத்துச் சுற்றிப் பார்த்தபிறகுதான் முடிவு செய்தேன்.

செய்முறை இதுதான்: படத்தை மெல்லிய தாளில் அச்செடுத்து, எபாக்ஸிக்குள் (இரண்டு திரவங்களைக் கலந்தால் கண்ணாடி போல இறுகும் பிசின்) பதித்தால், தாள் மறைந்து படம் மட்டும் மூங்கிலில் நிற்கும். தாளுக்கு அலையவில்லை. திருப்பூர்ச் சட்டைப் பெட்டிகளில் மடிப்புக்கு நடுவே வைக்கும் மெல்லிய வெள்ளை டிஷ்யூ தாள் போதும். அச்சு மட்டும் லேசரில் எடுங்கள். டோனர் என்பது சூட்டில் உருகித் தாளில் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் தூள், ஈரம் பட்டாலும் கரையாது. டிஷ்யூவை ஏ4 தாள் மேல் வைத்து, மிஷினுக்குள் முதலில் போகும் விளிம்பு முழுவதையும் ஒட்டி எடுத்துப் போனேன்.

“ஏனுங்க, இத்தன மெல்லிசுத் தாளு உள்ள போயி சுருண்டுக்குமுங்க” என்றார் கடைக்காரர்.

“விளிம்பு பூராவும் ஒட்டியிருக்கறனுங்க, ஒருக்கா விட்டுப் பாருங்க” என்றேன்.

சுருளாமல் வந்துவிட்டது. அவரே இன்னொரு பிரதியும் எடுத்துக் கொடுத்தார்.

தாள் மறைவதற்குக் காரணம் இருக்கிறது. நார்களுக்கு நடுவில் காற்று இருப்பதால் வெளிச்சம் சிதறித் தாள் வெள்ளையாகத் தெரிகிறது. அந்தக் காற்று இருந்த இடத்தில் எபாக்ஸி புகுந்துவிட்டால், அதற்குள் ஒளி வளையும் அளவும் தாளின் நாருக்குள் வளையும் அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். தாள் கண்ணுக்குத் தெரியாது, டோனர் மட்டும் நிற்கும். அச்சில் வெள்ளை நிறமே கிடையாது என்பதால் மீனின் வயிறு மூங்கிலின் மஞ்சளை வாங்கிக்கொண்டது. இந்த மீனுக்கு அது அழகாகவே இருக்கிறது. கறுப்புக் கார்பன் ராடு (கார்பன் இழையில் செய்த தூண்டில் கோல்) என்றால் அடியில் வெள்ளைப் பெயிண்ட் அடிக்காமல் படம் தெரியாது.

மூங்கில் தோலில் மெழுகுப் பளபளப்பு உண்டு, அதன்மேல் எபாக்ஸி பிடிக்காது. 400 நம்பர் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துத் துடைத்தேன். ராடுக்கென்று விற்கும் தெளிவான எபாக்ஸியை சிரிஞ்சில் அளந்து சமபங்காகக் கலந்து, ஒரு மெல்லிய பூச்சு. அதன்மேல் படத்தை வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தூரிகையால் நீவிவிட்டேன். தாள் அப்படியே கரைந்துபோவதைப் பார்க்க வேண்டுமே! குமிழ்களுக்கு ஸ்பிரிட் விளக்கின் சுடரைத் தூரத்தில் ஒரு தடவை காட்டினால் போதும். சூட்டில் எபாக்ஸி இளகி, குமிழ் தானே உடைந்துவிடும்.

காயும்வரை கோல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எபாக்ஸி கீழ்ப்பக்கம் வழிந்து திரண்டுவிடும். பழைய மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றும் மோட்டார் நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்றுதான் சுற்றும், இதற்கென்றே செய்தது போல் பொருந்தியது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியோடு அடிக்கும் மாதம் வேறு. ஜன்னல்களைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்துத் துடைத்த பிறகே வேலையைத் தொடங்கினேன். இறுகியபின் இரண்டாவது பூச்சு. இப்போது தடவினால் விளிம்பு தெரியவில்லை.

அடுத்தது, படத்தின் இருபக்கமும் பவானி ஜமக்காளத்தின் பட்டைகள் போல நூல் சுற்றுவது. தாளுக்கு நடந்ததே பட்டு நூலுக்கும் நடக்கும்: எபாக்ஸி ஊறினால் நிறம் மங்கி உள்ளே இருக்கும் மூங்கில் தெரியும். அதைத் தடுக்க முதலில் நூலுக்கு நிறம் காக்கும் அக்ரிலிக் பூச்சு கொடுக்க வேண்டும். சிவப்பும் பச்சையும் வாங்கி வைத்துவிட்டேன், மஞ்சள்தான் ஜமக்காளத்தின் மஞ்சளுக்கு ஒத்து வரவில்லை. ஈரோட்டுக் கடைகளில் தேடிக்கொண்டிருக்கிறேன்.