குளத்துக்குத் தண்ணி வந்துருச்சு, பாத்துக்க ஆளு வேணுமல்லங்க

அவிநாசிப் பக்கம் எங்க சித்தி தோட்டத்துல டிரிப், அதாங்க சொட்டு நீர்ப் பாசனம், போட்டு மூணு வருசம் ஆச்சுங்க, பாதி வாழைக்குத் தண்ணியே ஏறல, போட்டுக் குடுத்தவங்களுக்குப் போன் பண்ணிப் பண்ணி பத்து நாளாச்சு ஆளு வந்த பாடில்ல. கடைசில பக்கத்தூரு அக்கா ஒருத்தங்க, முந்தி நூறு நாள் வேலைக்குப் போனவங்க, டிரிப் ரிப்பேர் பாக்க ஒரு பயிற்சில கத்துக்கிட்டவங்க, வந்தாங்க. ஃபில்டரைக் கழட்டி சல்லடையக் காமிச்சாங்க, போர் தண்ணி உப்பு சுண்ணாம்பு அடிச்சாப்புல வெள்ளையா ஒட்டிக் கெடக்குது. குழாய்க் கடைசி மூடியத் தொறந்து உட்டதும் செம்மண் கலர்ல குபுகுபுன்னு வந்து, பொறவு தெளிஞ்சுது.

சிறு குறு விவசாயிக்கு டிரிப்புக்கு 100 சதவீதம் மானியம் இருக்குது, ஆனா ரிப்பேர் பாக்க ஊருக்கு ஒரு ஆளு வேணுமல்ல? அத்திக்கடவு - அவிநாசி திட்டத்துல 2024 ஆகஸ்ட்ல தொறந்து 1045 குளம் குட்டைக்குத் தண்ணி உடறாங்க, அந்தக் குழாயும் வால்வும் பாத்துக்க அந்தந்த ஊரு பசங்க, பொம்பளப் புள்ளைங்கள எடுத்துப் பழக்கணும்ங்க. பல்லடம், உடுமலைக் காத்தாலைக்கும் இதே கதைதான். திருப்பூர்ல தகரக் கூரைக்கடியில வேகுற பீகார், ஒடிசா சனங்களுக்கும் வெயில்ல மயங்கி விழுந்தா என்ன பண்றதுன்னு அவங்க பாஷைலயே சொல்லித்தரணும், அவங்களும் இந்த ஊரு ஆளுங்கதான்.

கெளம்பறப்ப அக்கா சித்தி மகளக் கூப்புட்டு, "நாளைக்குக் காலைல வா கண்ணு, வால்வு மாத்தப் பழக்கியுடறேன்"னாங்க. இன்னைக்கு ஆறு மணிக்கே போயிட்டா.