கண் மேலும் கீழும் தாவவில்லையா? நீமன்-பிக் சி நோயை உறுதிசெய்ய நாங்கள் கடந்த வழி

படித்துறையில் இறங்கும் பிள்ளை அடுத்த படியைக் காலால் துழாவுகிறது. கரும்பலகையிலிருந்து நோட்டுக்கு வருவதற்குள் வரி தவறிவிடுகிறது. கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் இதற்கு முதலில் கிடைப்பது கண்ணாடி, அடுத்தது "கவனமே இல்லை" என்ற திட்டு. அந்தத் திட்டு பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். நீமன்-பிக் சி என்ற பரம்பரை நோயில் பார்வை தெளிவாகவே இருக்கும்; கண்ணை மேலும் கீழும் சட்டெனத் தாவவைக்கும் நடுமூளைப் பகுதிதான் முதலில் பழுதாகிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். முகத்திலிருந்து 40 செ.மீ. தள்ளி, சிவப்புப் பேனா மேலே, நீலப் பேனா ஓரடி கீழே. ஒருவர் பிள்ளையின் முகவாயைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் "சிவப்பு", "நீலம்" என்று மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். கண் ஒரே தாவலில் போய்ச் சேர வேண்டும். ஊர்ந்து போவது, சிமிட்டிய பிறகே நகர்வது, பக்கவாட்டில் வளைந்து சுற்றிப் போவது மூன்றும் சந்தேகத்துக்குரியவை. பிறகு பேனாக்களை இடவலமாக வைத்து ஒப்பிடுங்கள். பகல் வெளிச்சத்தில், கண் மட்டும் நிறையும்படி செல்போனில் ஸ்லோமோஷனில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வீடியோ ஏன் அவசியம்? ஓபி நெரிசலில் டாக்டர் விரலை மெதுவாக நகர்த்திப் பார்ப்பார். மெல்லத் தொடரும் பார்வை தொடக்கத்தில் கெடாமல் இருக்கலாம். "நார்மல்" என்று எழுதிவிடுவார்கள். "வெர்டிகல் சக்கேட் (கண் மேலும் கீழும் தாவுவது) தனியா பாருங்க டாக்டர்" என்று கேட்கத் தயங்காதீர்கள். பிறந்தபோது நீடித்த மஞ்சள் காமாலை, மண்ணீரல் வீக்கம், சிரிக்கும்போது துவண்டு விழுவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். இடவலத் தாவல்தான் முதலில் கெடுகிறது என்றால் கோஷே என்ற இன்னொரு பரம்பரை நோயின் மூன்றாம் வகையையும் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் மூளை எம்ஆர்ஐ சுத்தமாக வரக்கூடும். அதை நம்பி நின்றுவிடாதீர்கள்.

அடுத்தது ரத்தம். ஆக்ஸிஸ்டெரால் (ஆக்ஸிஜனேறிய கொலஸ்டிரால்; இந்த நோயில் கூடும்) பரிசோதனைக்குப் பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைத்துத்தான் அனுப்ப வேண்டும். தஞ்சாவூர் வெயிலில் சாதாரணக் கூரியரில் போனால் கொலஸ்டிரால் தானாகவே ஆக்ஸிஜனேறி, அளவு பொய்யாகக் கூடும். இந்த நோய்க்குக் காரணமான என்பிசி1, என்பிசி2 மரபணுக்களின் சோதனைக்கு ஊதா மூடி இடிடிஏ குழாய் ரத்தம் போதும். ரிப்போர்ட்டில் "பொருள் தெளிவற்ற மாற்றம்" என்று வந்தால் அப்பா, அம்மா ரத்தத்தையும் சோதித்தாக வேண்டும். ஒரே மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் மாற்றம் இருந்தால்தான் இந்த நோய் வரும்; அந்த இரண்டு மாற்றங்களும் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து வந்திருந்தால் முடிவு வலுப்படும். அக்கா மகள், மாமன் மகள் திருமணங்களில் ஒரே மாற்றம் இருபுறமும் வந்திருக்கலாம்.

மருந்து நோயை மெதுவாக்கும், குணப்படுத்தாது. மிக்லுஸ்டாட் என்ற மருந்துக்கு இந்த நோய்க்காக 2009-இல் ஐரோப்பா அனுமதி தந்தது. 2024 செப்டம்பரில் அமெரிக்கா மேலும் இரண்டு மருந்துகளை ஏற்றது. பெங்களூரு சென்டர் ஃபார் ஹியூமன் ஜெனடிக்ஸ், மத்திய அரசின் அரிய நோய்க் கொள்கையின்கீழ் உள்ள சிறப்பு மையம். சிகிச்சைக்கு நிதி உதவி கிடைக்குமா என்று பதிவின்போதே கேளுங்கள்.

பெற்றோர் இருவரிடமும் மாற்றம் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு இந்த நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. கருவுக்கு நோய் உண்டா என்று பார்க்கும் நஞ்சுக்கொடித் திசுச் சோதனையைக் கர்ப்பத்தின் 11-ஆம் வாரத்திலிருந்து செய்யலாம். அதற்குப் பெற்றோரின் மரபணு ரிப்போர்ட் முன்பே கையில் இருக்க வேண்டும்.