சர்வீஸ் ரசீதைக் கேளுங்கள்

பழைய கார் விற்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைக்கு வரும் வண்டியின் பராமரிப்புப் பதிவுகளைச் சரிபார்க்காமல் விற்காதீர்கள்.

நம் ஊர் உப்புக்காற்று ஊர். பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் ஓடிய வண்டிக்கு மேலே பெயின்ட் பளபளக்கும். அடியில் பிரேக் குழாயும் சைலன்சரும் துருவேறிக் கிடக்கும். தனுஷ்கோடிக்குச் சவாரி போன வாடகை வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு எப்போது அடித்தார்கள், பிரேக் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்பதெல்லாம் சர்வீஸ் ரசீதில்தான் இருக்கும். மீட்டரைத் திருத்தியிருந்தாலும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்: பழைய ரசீதில் 90,000 கி.மீ., இன்று மீட்டரில் 60,000 என்றால் அப்புறம் என்ன பேச்சு?

பதிவு எண்ணைச் சொன்னால் கம்பெனி சர்வீஸ் மையத்திலேயே பழைய விவரம் பார்க்க முடியும். உரிமையாளரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், தயங்காமல் காட்டுவார்கள்.

2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதிகள், பழைய வண்டி வணிகர்கள் அங்கீகாரம் பெறவும், தங்களிடம் உள்ள வண்டிகளின் ஓட்டத்தைப் பதிவேட்டில் குறிக்கவும் சொல்கின்றன. அந்தப் பதிவேட்டோடு சர்வீஸ் ரசீதுகளின் நகலையும் சேர்த்து வையுங்கள். கடன் வாங்கி முதல் கார் எடுக்கும் மீனவக் குடும்பம் அதைத்தான் முதலில் கேட்கவேண்டும்.